குழாயைப் பார்த்தது போதும், தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள்

பெறுநர்: வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், சென்னைக் குடிநீர் வாரிய மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும்.

பொருள்: புதிய, பழைய வீடுகளின் மழைநீர் சேகரிப்பு அமைப்பில் நீர் இறங்குகிறதா என்று சோதிப்பது.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள் சுயசான்று அளித்து இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு மாடியும் இதில் அடங்கும். அனுமதிக்கு முன் மனையைப் பார்க்க யாரும் வருவதில்லை. கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை.

இந்தத் திட்டத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சிறிய மனைக்காரர்கள் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைந்ததும், இடைத்தரகர்களுக்கு அழுததும் உண்மை. அந்த அலைச்சல் ஒழிந்தது நல்லது. ஆனால் அதனோடு சேர்ந்து இன்னொன்றும் கைவிட்டுப் போனது. கட்டடத்தின் மழைநீர் அமைப்பை ஓர் அதிகாரி நேரில் பார்க்கக்கூடிய சந்தர்ப்பம் அது. விண்ணப்பத்தில் ‘மழைநீர் சேகரிப்பு அமைப்பு செய்யப்படும்’ என்று ஒப்புக்கொண்டால் வேலை முடிந்தது. செய்தார்களா, செய்தது வேலை செய்கிறதா என்று கேட்க ஆள் இல்லை.

முன்பு நடந்த ஆய்வும் சரியாக இருந்ததென்று சொல்ல மாட்டோம். மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்குகிறதா, அது மண்ணுக்குள் போகிறதா என்பதோடு ஆய்வு முடிந்துவிடும். இறங்கிய நீர் எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று யாரும் சோதித்ததில்லை. மழைநீர்க் குழிகளைத் தோண்டுவதும், அடைத்துக்கொண்ட பழைய குழிகளைத் திறந்து சீர்செய்வதும் எங்கள் தொழில். மூடியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை உங்கள் முன் வைக்கிறோம்.

பல இடங்களில் குழியே இருப்பதில்லை. மூன்றடி பி.வி.சி. குழாயைத் தரையில் சொருகி, சுற்றிக் கூழாங்கல்லைப் பரப்பியிருப்பார்கள். புகைப்படத்துக்கு அது போதும். குழி இருந்தாலும், இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழம். அதையும் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். அப்படியொரு குழியின் மொத்தக் கொள்ளளவு 340 லிட்டர். ஜல்லிக்கு இடையே உள்ள இடைவெளி பத்தில் நான்கு பங்குதான் என்பதால், உண்மையில் அதில் நிற்கும் தண்ணீர் 136 லிட்டர். வீட்டில் பிடிக்கும் 15 லிட்டர் குடத்தில் சொன்னால் ஒன்பது குடம்.

இதற்கு எதிரே மாடியில் விழும் தண்ணீரைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ. பெய்தால், தெறிப்பும் ஈரமும் போக ஏறத்தாழ 2,400 லிட்டர் குழாய்க்கு வரும். ஒன்பது குடக் குழி நாலு நிமிடத்தில் நிரம்பிவிடும். மிச்சம் வாசல் வழியாகத் தெருவுக்குப் போகும். அரசு கையேடுகளில் காணும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழக் குழியும் ஜல்லி நிரப்பினால் 600 லிட்டர்தான் கொள்ளும். கால் மணி நேரக் கணக்கு. மண் வேகமாக உறிஞ்சினால் மட்டுமே அந்தக் குழி போதும். சென்னையில் எல்லா இடத்திலும் மண் அப்படி உறிஞ்சாது.

கோளாறின் வேர் இங்கேதான் இருக்கிறது. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். அங்கே சாதாரணக் கசிவுக்குழியே நன்றாக வேலை செய்யும். தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம், கொளத்தூர் பக்கம் மேலே கனத்த களிமண். அங்கே ஐந்தடிக் குழி தோண்டி நீரை விட்டால் அது வாளியில் நிற்பதுபோல் நிற்கும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம், சைதாப்பேட்டையின் ஒரு பகுதி ஆகிய இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. மூன்றுக்கும் ஒரே வரைபடத்தை நகலெடுத்து விண்ணப்பத்தோடு இணைக்கிறார்கள். உங்கள் இணையதளமும் அதை ஏற்றுக்கொள்கிறது.

களிமண் பகுதிக்கு வழி இல்லாமல் இல்லை. மூன்றடி விட்டமுள்ள சிமென்ட் உறைகளை இறக்கிப் பதினைந்தடி ஆழத்துக்கு ஓர் உறைக்கிணறு போட்டால், நிரப்பாமல் வெறுமையாக விட்டாலே 3,000 லிட்டர் கொள்ளும். அடியில் சிமென்ட் பூசக் கூடாது, 40 மி.மீ. ஜல்லி ஓரடி போட்டால் போதும். உறைகளின் பக்கத்தில் துளையிட்டு, வெளிச்சுற்றில் ஜல்லி அடைக்க வேண்டும். மணல் இன்னும் கீழே இருந்தால், கிணற்றின் அடியிலிருந்து ஆறங்குலத் துளை போட்டு மணல் படுகை தட்டுப்படும் வரை போக வேண்டும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து அடியில் கிடைத்துவிடும். அந்தத் துளையில் இறக்கும் குழாயின் வாய், கிணற்றின் தரையை விட ஓரடி உயரத்தில் நிற்க வேண்டும். வலை கட்டியிருக்க வேண்டும். தரையோடு தரையாக விட்டால் முதல் பருவத்திலேயே வண்டல் இறங்கித் துளையை அடைத்துவிடும். குழியை அள்ளிச் சுத்தம் செய்யலாம், அடைத்த துளையைத் திறப்பது மிகக் கடினம். இந்த ஓரடியை விட்டுவிட்டதால் பயனற்றுப் போன கிணறுகள் ஏராளம்.

பாறைப் பகுதியில் மேலே இருக்கும் சிதைந்த பாறை அடுக்குவரைதான் நீர் இறங்கும். அது இல்லாமல் கெட்டிப் பாறையே தட்டுப்பட்டால், மண்ணுக்குள் அனுப்புவதாகப் பாவனை செய்வதைவிட நீரை வடிகட்டிச் சம்ப்பில் சேர்ப்பதே நேர்மையான வழி. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்கு மூன்றடி கீழே வரை ஏறி வரும் தாழ்வான இடங்களுக்கும் அதுவே பொருந்தும். அங்கே உறைக்கிணறு போட்டால் அது கீழே இருந்து நிரம்பி நிற்கும், மேலிருந்து எதையும் வாங்காது.

பழைய திறந்த கிணறு இருக்கும் வீட்டில் புதிதாக எதுவும் தோண்டவே வேண்டியதில்லை. மாடி நீரை வடிகட்டி அந்தக் கிணற்றில் விட்டால், எந்தக் கசிவுக்குழியும் தராத பலன் கிடைக்கும். ஆனால் வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் காணாமல் போவது கிணறுதான். இடிபாட்டுக் கல்லையும் செங்கல்லையும் அதிலேயே கொட்டி மூடி, அதன் மேல் வண்டி நிறுத்துமிடம் கட்டுகிறார்கள். பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் கிணற்றை மூடிவிட்டு, பக்கத்தில் ஒன்பது குடம் கொள்ளும் குழி தோண்டியவருக்கும் அனுமதி ஒன்றுதான். இதைத் தடுக்க இன்றைய விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லாதது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது.

குழாய் விஷயத்துக்கு வருவோம். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும் மழையில் நாலங்குலக் குழாய் ஒன்று ஏறத்தாழ 40 சதுர மீட்டர் மாடி நீரைத்தான் தடையின்றி இறக்கும். ஆயிரம் சதுர அடி மாடிக்கு மூன்று குழாயாவது வேண்டும். ஒன்றை மட்டும் மழைநீர்க் குழிக்கு இணைத்து, மற்றவற்றைத் தெருவுக்கு விடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒன்றிலும் துணி துவைக்கும் இயந்திரத்தின் கழிவுநீரை, பால்கனி கழுவும் நீரை பிளம்பர் இணைத்துவிடுகிறார், பக்கத்தில் வேறு குழாய் இல்லையென்று. சோப்பு நீர் நாள்தோறும் இறங்கும் குழியில் ஜல்லியின் மேல் கொழகொழவென்று ஒரு படலம் படிந்து, அதற்குமேல் மழைநீரும் இறங்காது. பக்கத்துப் போர் தண்ணீரிலும் நுரை வரும். ஏசி நீரைச் சேர்க்கலாம், தவறில்லை. சோப்பு பட்ட நீர் ஒரு சொட்டும் கூடாது.

முதல் மழையின் அழுக்கை வெளியேற்ற ஒரு மீட்டர் நீளத்துக்குக் குழாயைத் தொங்கவிட்டு மூடி போடுகிறார்கள். நாலங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் கொள்ளும். ஆயிரம் சதுர அடி மாடியில் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையே 90 லிட்டருக்கு மேல். கிணற்றுக்கோ சம்ப்புக்கோ நீர் போகிறதென்றால் ஒரு ‘டி’ இணைப்பும் வால்வும் வைத்து, பருவத்தின் முதல் மழையை முழுக்க வெளியே விடுவதுதான் சரி. அந்த வால்வு ஆள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். மாடியில் வைத்தால் யாரும் மழையில் ஏறிப் போய்த் திருப்ப மாட்டார்கள்.

போர்வெல்லுக்குள் நேரடியாக மழைநீரை விடுவது பற்றி ஓர் எச்சரிக்கை. வடிகட்டாத நீரை, போரின் பக்கச்சுவரைத் தாங்கும் கேசிங் குழாயில் விட்டால் களி போய் நீரூற்று வாயை அடைத்து, நல்ல போர் கெட்டுப்போகும். காற்று வெளியேறத் தனி வழி வைக்காவிட்டால் நீர் உள்ளே இறங்காமல் கொப்பளித்து வெளியே வரும். வாசல் நீரை, தெரு நீரைப் போர்வெல்லுக்குள் எந்த நிலையிலும் விடக் கூடாது. இதையெல்லாம் ‘போர் ரீசார்ஜ்’ என்ற பெயரில் தெரியாமல் செய்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

மாடி நீர் பாதிக் கதைதான். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, 223 சதுர மீட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. என்று கொண்டால் அந்த ஒரு மனையில் மட்டும் ஆண்டுக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோம். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். எட்டு மனைகளில் ஓராண்டு பெய்யும் மழை அந்த ஒரு ரயிலுக்குச் சமம். சுயசான்று முறையில் அனுமதி பெறுவது எட்டு மனைகள் மட்டுமா?

அந்த மூன்று லட்சத்தில் மாடியில் விழுவது போக மிச்சம் வாசலில், பக்கச் சந்தில், பின்கட்டில் விழுகிறது. அங்கெல்லாம் இப்போது சிமென்ட் தளம். அல்லது சிமென்ட் தளத்தின் மேல் பேவர் பிளாக். பேவர் பிளாக் போட்டிருக்கிறோம், நீர் இறங்கும் என்று சொல்வார்கள். அடியில் கான்கிரீட் இருந்தால் எப்படி இறங்கும்? வெறும் மணலின் மேல் பதித்தால்தான் இறங்கும். தளம் போட்டே ஆகவேண்டுமென்றால், கேட்டின் உட்புறம் அகலவாட்டில் ஓரடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, இரும்புக் கிராதி போட்டு, தெருவுக்கு ஓடும் நீரை அதில் பிடிக்க வேண்டும். அந்த நீரில் மண் அதிகம். ஆகவே நேராகக் கிணற்றுக்கு விடாமல், இரண்டடிக்கு இரண்டடி வண்டல் தொட்டி ஒன்றில் தேங்கவிட்டு, தெளிந்த மேல்நீர் மட்டும் கிணற்றுக்குப் போகும்படி செய்ய வேண்டும். செப்டிக் டேங்க் இருக்கும் மனையில் மழைநீர்க் கிணறு அதற்கு எதிர் மூலையில்தான் வர வேண்டும்.

ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே போடுவதால் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிறது. பிறகு தெருவின் சாக்கடை கலந்த நீர் கேட் வழியாக உள்ளே வந்து இதே கிணற்றில் விழுகிறது. நிலத்தடி நீரைக் காக்கச் செய்த அமைப்பே அதைக் கெடுக்கும் வழியாகிவிடுகிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? கிணற்றை மூடிவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல எங்களால் முடியவில்லை.

கொசு என்ற பயமும் இதே போலத்தான். சுகாதாரப் பணியாளர்கள் வந்து பார்த்து, தேங்கிய நீரில் புழு இருக்கிறதென்று எச்சரித்ததும் குழியை மண் கொட்டி மூடியவர்கள் உண்டு. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமாவது ஆகும். ஒழுங்காகச் செய்த குழியில் நீர் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. மூடியும் வலையும் இருந்தால் கொசு உள்ளே போகவே முடியாது. கொசு வளர்கிற குழி என்றால் அந்தக் குழியில் நீர் இறங்கவில்லை என்று பொருள். அதைச் சீர்செய்யச் சொல்ல வேண்டிய இடத்தில் மூடச் சொல்கிறார்கள்.

2003இல் அவசரச் சட்டம் வந்தபோது மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது. அமைக்காவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம், உள்ளாட்சியே அமைத்து அந்தச் செலவை வீட்டுக்காரரிடம் வசூலிக்கலாம் என்ற அளவுக்கு அரசு உறுதியாக நின்றது. நாடே தமிழ்நாட்டை உதாரணம் காட்டியது. அந்தக் குழிகளுக்கு இன்று இருபது வயது கடந்துவிட்டது. மேலடுக்கு மணலை ஆண்டுக்கு ஒருமுறை அள்ளிக் கழுவிப் போடாவிட்டால் இரண்டு மூன்று பருவத்தில் களி படிந்து குழி செத்துவிடும். சட்டம் கட்டாயமாக்கியது, ஆனால் குழிகளைப் பராமரிக்க வைக்கும் ஏற்பாடு அதைப் பின்தொடரவில்லை. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்து, கிணறுகள் உப்பாகி, விவசாயம் அழிந்ததைப் பார்த்திருக்கிறோம். உப்பேறிய நிலத்தடியை நல்ல நீராக்க ஒரு மழைக்காலம் போதாது. தெற்கே கடலோர மணல் பகுதியிலும் அதே ஆபத்து காத்திருக்கிறது. லாரித் தண்ணீருக்கும் அடுக்குமாடிகளுக்கும் இறைக்கும் அளவுக்கு அங்கே மழைநீர் உள்ளே போகவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

சுயசான்று முறை அப்படியே இருக்கட்டும். மழைநீர் அமைப்புக்கு மட்டும் நீர் இறங்கும் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். சோதனை எளிது. முதல் நாள் 1,000 லிட்டர் ஊற்றி மண்ணை நனையவிட வேண்டும். காய்ந்த மண் முதல் தடவை எதையும் குடித்துவிடும், அதை நம்பக் கூடாது. அது இறங்கியதும் மீண்டும் 1,000 லிட்டர் ஊற்ற வேண்டும். மூன்றடி உறைக்கிணற்றில் அது ஐந்தடி உயரம் நிற்கும். 24 மணி நேரத்துக்குள் முழுதும் இறங்கினால் தேர்ச்சி. அளவுகோலை உள்ளே வைத்து, ஊற்றியதும் ஒரு படம், மறுநாள் ஒரு படம், மூடி போடுவதற்கு முன் குழியின் உட்புறம் ஒரு படம். இடமும் நேரமும் பதிவாகும்படி இணையதளத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

படத்தை மட்டும் நம்ப வேண்டாம். குடிநீர், கழிவுநீர் இணைப்பு கொடுக்க வாரியப் பணியாளர்கள் எப்படியும் அந்த வீட்டுக்குப் போகிறார்கள். முதல் சொத்துவரி மதிப்பீட்டுக்கும் மாநகராட்சியிலிருந்து ஆள் போகிறார். அந்தப் பயணத்திலேயே குழியின் மூடியைத் திறந்து பார்க்கும் கடமையையும் சேருங்கள். தனி ஆய்வு, தனி அலைச்சல் எதுவும் வேண்டாம். சோதனையில் தேறிய பிறகே நிரந்தர இணைப்பு என்று ஆணையிடுங்கள்.

மணல், களிமண், பாறை என்று பகுதிவாரியாக மூன்று மாதிரி வரைபடங்களை, அளவோடும் பொருள் பட்டியலோடும் தமிழில் வெளியிடுங்கள். மனை எந்த வார்டில் இருக்கிறதோ அதற்குரிய வரைபடத்தை இணையதளமே விண்ணப்பதாரருக்குக் காட்டட்டும். குழியின் அளவை மாடிப் பரப்போடும் தளம் போட்ட வாசல் பரப்போடும் சேர்த்துக் கணக்கிடும் விதியைச் சேருங்கள்.

மனையில் கிணறு இருக்கிறதா என்ற கேள்வியைப் படிவத்தில் சேருங்கள். இருந்தால் அதை மூட அனுமதிக்காதீர்கள்; தவிர்க்க முடியாத இடத்தில், அதே கொள்ளளவுக்கு வேறு கிணறு போட்ட பிறகே மூடவிடுங்கள்.

பழைய வீடுகளுக்கு ஆண்டுதோறும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், வார்டு வாரியாகக் குழி திறந்து பார்க்கும் இயக்கம் நடத்துங்கள். அபராதத்தில் தொடங்க வேண்டாம். குழியை அள்ளிச் சுத்தம் செய்யத் தெரிந்த பயிற்சி பெற்ற ஆட்களின் பட்டியலை ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் வையுங்கள். பிளம்பர்களுக்கும் கொத்தனார்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். துவைக்கும் நீரை மழைநீர்க் குழாயில் இணைக்கக் கூடாது என்பதை அவர்களிடம் சொன்னாலே பாதிக் குழிகள் பிழைக்கும். இரண்டாவது தடவையும் செயல்படாமல் கிடக்கும் அமைப்புகளுக்கு, சட்டம் ஏற்கெனவே உங்களுக்குத் தந்திருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள். உங்கள் சொந்த அலுவலகக் கட்டடங்களிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் இதே சோதனையை முதலில் நடத்தி, முடிவை வெளியிடுங்கள்.

சாலை போடும் ஒப்பந்தங்களில், பழைய பரப்பைச் சுரண்டி எடுத்து உயரம் மாறாமல் போட வேண்டும் என்ற நிபந்தனை காகிதத்தில் மட்டும் நிற்காமல், பணத்தை விடுவிக்கும் முன் உயரத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. ஆணையும் படிவத்தில் நாலு வரியும் போதும். வரும் அக்டோபர் மழைக்கு முன் நீர் இறங்கும் சோதனைக்கான ஆணையையாவது பிறப்பியுங்கள். எந்த வார்டிலும் உங்கள் பணியாளர்களோடு வந்து, குழியைத் திறந்து, சோதனையைச் செய்துகாட்ட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அதற்குக் கூலி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
சென்னையின் மழைநீர்க் கிணறு தோண்டுவோரும் பராமரிப்போரும்